ப்ராசஸர் மாற்றியபின் டிஸ்ப்ளே வரவில்லை, பழையதைத் திரும்பப் போட்டாலும் வரவில்லை

ஆல்பம்_டிசைனர்

வணக்கம் நண்பர்களே. சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே காலண்டர் டிசைன் செய்து கொடுக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட ஆல்பம் வெளியிட வேண்டும், கையில் இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, இந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் கை வைத்துத் தொலைத்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் வழி சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

பழைய செட்டப் இது: ரைசன் 3 2200ஜி, பி450 மதர்போர்டு (2018 கடைசியில் வாங்கியது), 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மானிட்டர் கேபிள் நேராக மதர்போர்டு எச்டிஎம்ஐயில்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் சாமி படங்கள் 20க்கு 30 இஞ்ச், 300 டிபிஐ, நாற்பது ஐம்பது லேயர் என்று வரும்போது ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற நிலைமை.

அதனால் ரைசன் 5 5600, 3200 வேகத்தில் 8+8 ஜிபி ரேம், செகண்ட் ஹேண்டில் ஒரு ஜிடிஎக்ஸ் 1650 (தனிப் பவர் ஒயர் கேட்காத மாடல்) மூன்றையும் வாங்கினேன். "அதே ஏஎம்4 சாக்கெட்தான், அப்படியே உட்காரும்" என்றார் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டினேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, போர்டில் லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கீபோர்டில் நம்லாக் அழுத்தினால் விளக்கு வரவில்லை.

பயந்துபோய்ப் பழைய ப்ராசஸர், பழைய ரேம் இரண்டையும் திரும்ப மாட்டி, கார்டையும் உருவிவிட்டேன். அப்போதும் அதேதான். பழையபடிக்கே வரவில்லை என்பதுதான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. இங்கே ஒரு சர்வீஸ் கடையில் போனில் கேட்டதற்கு, பார்க்காமலே "போர்டு போயிருக்கும், புதுசு போட்டுக்குங்க" என்றார்கள். உண்மையிலேயே போயிருக்குமா?

திண்டுக்கல்_பூட்டு

450 வாட் பத்தாது ப்ரோ. புது ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்ந்தால் இழுக்கும். 650க்கு மாற்றிப் பாருங்கள், எனக்கும் இப்படித்தான் ஆனது.

ரிச்சிதெரு_பழையபயல்

பூட்டுத் தம்பி கோவித்துக்கொள்ளக் கூடாது, எஸ்எம்பிஎஸ் கணக்கு இங்கே ஒத்துவரவில்லை. 5600 என்பது 65 வாட் சிப், முழு வேகத்தில் ஓடினாலும் 76 வாட் பக்கம்தான் போகும். 1650 கார்டு 75 வாட், அதையும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 250ஐத் தாண்டாது. எஸ்எம்பிஎஸ் பழசாகிச் செத்திருந்தால் வேறு விஷயம், வாட் போதவில்லை என்பது காரணம் இல்லை. அதோடு பவர் போதாவிட்டால் பெரும்பாலும் லோடு ஏறும்போதுதான் ஆஃப் ஆகும், இப்படி முதல் நொடியிலிருந்தே முழித்துக்கொண்டு நிற்காது.

டிசைனர் தம்பி, உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு மூன்று சிக்கல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்று பொருளை ஒரே மூச்சில் மாட்டினால் இதுதான் வினை, எது வம்பு செய்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் புது சிப் ஏன் வரவில்லை என்பது. உங்கள் போர்டு 2018 கடைசியில் வாங்கியது. பி450 சந்தைக்கு வந்ததே 2018 ஜூலையில்தான், அப்போது இருந்தது ரைசன் 1000, 2000 வரிசைகள். 5600 வந்தது 2022 ஏப்ரலில். போர்டில் இருக்கும் பயாஸுக்கு (கம்ப்யூட்டரைத் துவக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அந்த சிப் யாரென்றே தெரியாது. பிறக்காத பிள்ளைக்கு ரேஷன் கார்டில் பெயர் தேடுகிற மாதிரி. சாக்கெட் ஒன்றாக இருந்தால் பொருந்தும், பேச வேண்டும் என்றால் பயாஸ் வேண்டும். 5000 வரிசை வருவதற்கு முன்பு, அதற்கு பி450இல் ஆதரவே தர மாட்டோம் என்றுதான் ஏஎம்டி 2020 மே மாதம் சொன்னது, ஆட்கள் கூச்சல் போட்ட பிறகு மனசு மாறினார்கள். அதனால் உங்கள் போர்டு கம்பெனியின் தளத்தில் புது பயாஸ் நிச்சயம் கிடைக்கும், மாடல் பெயரையும் போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் பார்த்து எடுக்க வேண்டும். ரிவிஷன் மாற்றி ஏற்றினால் அப்புறம் உண்மையிலேயே போர்டு போய்விடும்.

அடுத்தது கேபிள். 2200ஜி என்பதில் அந்த 'ஜி' சும்மா வைத்ததில்லை, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் 5600இல் அது கிடையாது. புது சிப் போட்டபோது மானிட்டர் கேபிளை எங்கே செருகினீர்கள்? மதர்போர்டு எச்டிஎம்ஐயில் என்றால் பயாஸ் சரியாக இருந்தாலும் ஜென்மத்துக்கும் படம் வராது. கார்டின் பின்னால் செருக வேண்டும்.

பழைய சிப் ஏன் வரவில்லை என்பதற்குத்தான் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. சிமாஸ் (பயாஸ் செட்டிங்குகள் இருக்கும் இடம்) கிளியர் செய்தீர்களா? ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த வட்ட பேட்டரியை எடுத்து, பவர் பட்டனை ஒரு அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

ஆல்பம்_டிசைனர்

அண்ணே நன்றி. கேபிளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆமாம், பழக்க தோஷத்தில் மதர்போர்டிலேயே செருகினேன். சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போட்டாயிற்று. பழைய ரேமை நான்கு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ரேமே இல்லாமலும் ஒருமுறை ஓட்டினேன். போர்டில் ஸ்பீக்கர் இல்லை, அதனால் பீப் சத்தம் எதுவும் கேட்க வழியில்லை. பயாஸை ஏற்றலாம் என்றால் அதற்கே பழைய சிப் ஓட வேண்டுமே?

மொட்டைமாடி_மோடம்

ஒரே ஒரு கேள்வி. கூலரைக் கழற்றும்போது ப்ராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்ததா?

ஆல்பம்_டிசைனர்

ஆமாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு இழுத்தேன், வரவில்லை, கொஞ்சம் பலமாக இழுத்ததும் டப்பென்று ப்ராசஸரோடு கையில் வந்துவிட்டது. சாக்கெட் லீவரைத் தூக்கவே இல்லை. அதைப் பெரிய விஷயமாக நினைக்காததால் சொல்லவில்லை. ஒரு கத்தியை நுழைத்து இரண்டையும் பிரித்தேன்.

மொட்டைமாடி_மோடம்

அங்கேதான் கதை இருக்கிறது. ஏஎம்4இல் பின் எல்லாம் ப்ராசஸரின் அடியில் இருக்கும், 1331 பின். லீவர் அந்தப் பின்களைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிப்பதோடு சரி, மேலே தகட்டை வைத்து அமுக்கிப் பிடிக்கும் வேலை எல்லாம் இல்லை. ஆறேழு வருஷத்தில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி ஆகிவிடும். நேராக மேலே இழுத்தால் சாக்கெட்டின் பிடியைவிடப் பேஸ்ட்டின் பிடி பலமாக இருக்கிறது, சிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்போது, இல்லையென்றால் கத்தி வைத்துப் பிரிக்கும்போது, ஒன்றிரண்டு பின் மடங்கியிருக்கும்.

பழைய சிப்பைத் திரும்ப வைக்கும்போது தானாக உள்ளே இறங்கியதா, இல்லை லேசாக அழுத்தினீர்களா? அழுத்தவே கூடாது. லீவரைத் தூக்கிவிட்டு, மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தைப் பார்த்து வைத்தால் சொந்த எடையிலேயே சொத்தென்று விழ வேண்டும்.

சிப்பை வெளியே எடுத்து (இந்த முறை லீவரைத் தூக்கி!) பின் பக்கத்தை மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும், நெல் நாற்று நடவு வரிசையைக் கரையில் நின்று பார்ப்பது போல. ஒரு பின் சாய்ந்திருந்தாலும் வரிசை உடைந்து தெரியும். புது சிப்பையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஆல்பம்_டிசைனர்

பார்த்தேன். வியர்த்துவிட்டது.

புதியது சுத்தமாக இருக்கிறது. பழையதில் ஓரத்தில் ஒரு மூலைப் பக்கம் மூன்று பின் சாய்ந்திருக்கிறது, அதில் ஒன்று கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. ஆமாம், வைக்கும்போது ஒரு மூலை சரியாக இறங்கவில்லை, கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தினேன். இனி பழைய சிப் அவ்வளவுதானா?

ரிச்சிதெரு_பழையபயல்

மோடம், சபாஷ். நான் பதினோரு வருஷம் சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்தவன், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

தம்பி, பயப்படாதீர்கள், பின் உடையாத வரைக்கும் சிப் உயிரோடுதான் இருக்கும். ஸ்டேஷனரி கடையில் 0.5 அல்லது 0.7 மெக்கானிக்கல் பென்சில் ஒன்று வாங்குங்கள். லெட்டை எடுத்துவிடுங்கள், அதன் கரி உள்ளே விழுந்தால் கரண்ட் கடத்தும். அந்தக் காலி முனைக்குள் பின்னை நுழைத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக நிமிர்த்துங்கள். ஒரே முறையில் நேராக்க நினைக்காதீர்கள், ஆனால் முன்னும் பின்னுமாக ஆட்டவும் கூடாது, ஆட்டினால் கம்பி ஒடிகிற மாதிரி ஒடிந்துவிடும். படுத்திருக்கும் பின்னை முதலில் மெல்லிய பிளாஸ்டிக் கார்டு ஓரத்தால் கொஞ்சம் எழுப்பிவிட்டு, அப்புறம் பென்சில். கடைசியாக அந்தக் கார்டையே வரிசைகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தால் எங்கே தட்டுகிறது என்று தெரியும். நைலான் சட்டை போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்காராதீர்கள், கேபினட் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

பின் ஒடிந்தே போனாலும் கதை முடிந்துவிடாது. உள்ளூரில் யாரிடமாவது பழைய ரைசன் 1000 அல்லது 2000 வரிசை சிப் ஒரு மணி நேரம் கடன் வாங்கினால் பயாஸ் ஏற்றிவிடலாம். சில போர்டுகளில் பின்பக்கம் யுஎஸ்பி அருகே ஃபிளாஷ் பேக் பட்டன் இருக்கும், அதில் சிப்பே இல்லாமல் ஏற்றலாம். உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள்.

ஆல்பம்_டிசைனர்

ஃபிளாஷ் பேக் பட்டன் இல்லை. பென்சிலோடு ஒன்றே கால் மணி நேரம். என் மனைவி டார்ச் பிடித்தார், பட்டாசுத் திரி சுற்றிப் பழகிய கை அவருடையது, கடைசிப் பின்னை அவரேதான் நிமிர்த்தினார், என் கை நடுங்கியது. சிப் தானாக உள்ளே விழுந்தது. கூலர், ஒரு ரேம், மதர்போர்டு எச்டிஎம்ஐ. படம் வந்துவிட்டது!!

பயாஸ் தேதி 2018 அக்டோபர் என்று காட்டுகிறது. புதியதை இறக்கி வைத்திருக்கிறேன். தளத்தில் நடுவில் ஒரு பதிப்பைக் குறிப்பிட்டு "முதலில் இதை ஏற்றிவிட்டுப் பிறகு மேலே போகவும்" என்று போட்டிருக்கிறார்கள். நேராகக் கடைசிப் பதிப்புக்கே போகக் கூடாதா? இரண்டு முறை ஆபத்தை ஏன் வாங்குவது என்று யோசிக்கிறேன்.

ரிச்சிதெரு_பழையபயல்

அக்காவுக்கு ஒரு கும்பிடு.

போகச் சொன்ன வழியிலேயே போங்கள். பழைய போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான், அதற்குள் புதுப் புது ப்ராசஸர்களைத் திணிக்க வேண்டும் என்று உள்ளமைப்பையே மாற்றியிருப்பார்கள். பழைய பயாஸில் இருக்கும் ஏற்றும் கருவிக்குப் புதிய ஃபைலின் அமைப்பு புரியாமல் போகலாம், அதற்குத்தான் நடுவில் ஒரு படி. இடம் போதாமல் சில பதிப்புகளில் பழைய சிப்களின் ஆதரவைக்கூடத் தூக்கியிருக்கிறார்கள், அதனால் நீங்கள் ஏற்றப்போகும் பதிப்பின் குறிப்பில் 2200ஜி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏற்றிய பிறகு திரும்பி வர வழியில்லை.

பென் டிரைவை எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்து, ஜிப்பைப் பிரித்து ஃபைலை வெளியே வையுங்கள். பயாஸுக்குள் இருக்கும் கருவியிலிருந்தே ஏற்றுங்கள், விண்டோஸிலிருந்து வேண்டாம். முக்கியமானது கரண்ட். நடுவில் போனால் போர்டு செங்கல். உங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மொட்டைமாடி_மோடம்

இன்வெர்ட்டர் இருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண மோடில் கரண்ட் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் மோடில் வைத்துவிட்டு, ஏதாவது ஒரு நேரம் மெயினை ஆஃப் செய்து கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு பயாஸில் கை வையுங்கள்.

ஆல்பம்_டிசைனர்

என் யுபிஎஸ் பேட்டரி போன வருஷமே செத்துவிட்டது, புதியது வாங்கச் சோம்பல். அதனால் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கே போய்விட்டேன் (எங்கள் முதலாளி அதைச் 'சிபியு' என்பார், உள்ளே இருக்கும் சிப்பும் சிபியு என்றால் நம்ப மாட்டார்). அங்கே ப்ளேட் செட்டர் மெஷினுக்கு வைத்திருக்கும் பெரிய யுபிஎஸ்ஸில் மாட்டி இரண்டு படியும் ஏற்றினேன். ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிஷம். அந்த நிமிஷங்களில் அச்சகத்தில் யாரையும் எந்த சுவிட்சையும் தொடவிடவில்லை.

புது சிப் மாட்டினேன், கூலரைக் கழற்றும் முன் மோடம் சொல்லாமலே நானாகத் தேடிப் படித்தபடி பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூடானதும் இடமும் வலமுமாகத் திருகித்தான் எடுத்தேன். கேபிள் கார்டில். ஒரு நிமிஷம் கறுப்பாகவே இருந்தது, உயிர் போய்விட்டது, பிறகு படம் வந்தது. ஆனால் இரண்டு புதுச் சிக்கல்.

ஒன்று, புது சிபியு வந்திருக்கிறது, எஃப்டிபிஎம் மாறியிருக்கிறது, 'ஒய்' (Y) அழுத்தினால் ரீசெட், 'என்' (N) அழுத்தினால் அப்படியே என்று ஏதோ கேட்கிறது. இரண்டு, 'என்' அழுத்திப் போனால் "பூட் செய்ய டிவைஸ் இல்லை" என்கிறது. பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை. அதில் ஆல்பத்தின் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. ஃபார்மட் பண்ணச் சொல்லாதீர்கள்.

ரிச்சிதெரு_பழையபயல்

யாரும் ஃபார்மட் செய்யச் சொல்லவில்லை, யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எஃப்டிபிஎம் என்பது ப்ராசஸரோடு சேர்ந்து ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பெட்டி மாதிரி. முதல் கேள்வி, பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறீர்களா என்பதற்காகத்தான். போட்டிருந்தால் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தக் கூடாது. போடவில்லை என்றால் தைரியமாக ஒய்.

இரண்டாவது: அந்த விண்டோஸ் முதலில் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்ததா? அப்படியென்றால் அது எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில், லெகசியாக (பழைய பாணியில்) பூட் ஆகிக்கொண்டிருந்திருக்கும். பயாஸ் ஏற்றியதும் எல்லா செட்டிங்கும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், புதுப் பதிப்பில் சிஎஸ்எம் (பழைய பாணியில் பூட் ஆக உதவும் செட்டிங்) ஆஃபில் இருக்கும். பூட் பக்கத்துக்குப் போய் சிஎஸ்எம்மை ஆன் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆல்பம்_டிசைனர்

வந்துவிட்டது அண்ணே!! ஆமாம், 2019இல் குளோன் செய்ததுதான். பிட்லாக்கர் இல்லை, ஒய் அழுத்தினேன். விண்டோஸ் ஏதோ டிவைஸ்களைத் தயார் செய்வதாகச் சொல்லிவிட்டு டெஸ்க்டாப்புக்குப் போய்விட்டது. முதல் வேலையாக ஆல்பம் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்துவிட்டேன், அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும் முன் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாற்பத்தி மூன்று லேயர் முருகன் படம், முன்பு திறக்க இரண்டு நிமிஷத்துக்குப் பக்கம் ஆகும், இப்போது அரை நிமிஷத்துக்கும் குறைவு. ஆனால் டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 2133 என்று காட்டுகிறது, 3200 என்றுதானே விற்றார்கள்?

மொட்டைமாடி_மோடம்

ஏமாற்றவில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், 3200க்குப் போகும். குச்சிகள் இரண்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கட்டும்.

சிஎஸ்எம்மை இப்படியே விட்டுவிட்டு ஆடிப்பெருக்கு வரைக்கும் எதையும் தொடாதீர்கள். அதற்கப்புறம் நேரம் இருந்தால் எம்பிஆர்2ஜிபிடி என்று விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது, தகவல் அழியாமல் டிஸ்கை ஜிபிடிக்கு (புது டிஸ்க் பிரிப்பு முறை) மாற்றும், மாற்றியபின் சிஎஸ்எம்மை அணைத்துவிடலாம். பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் சரிபார்க்கும் கட்டளையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். விண்டோஸ் 11க்குப் போக அது தேவைப்படும். விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் பட்டியலில் 2200ஜி இல்லவே இல்லை, 5600 இருக்கிறது.

திண்டுக்கல்_பூட்டு

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இதைப் படித்தபின் எனக்கும் ஆசை வந்துவிட்டது. என்னிடமும் பி450தான், ரைசன் 5 2600, 5600 ஆர்டர் போடலாமா?

ரிச்சிதெரு_பழையபயல்

உங்கள் பயாஸ் தேதி என்ன?

திண்டுக்கல்_பூட்டு

எங்கே பார்ப்பது?

ஆல்பம்_டிசைனர்

ரன்னில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டுங்கள், அதில் பயாஸ் பதிப்பும் தேதியும் ஒரே வரியில் இருக்கும். ஆர்டர் பட்டன் பக்கம் இன்றைக்குப் போகாதீர்கள். பென்சில் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் பார்சல் அனுப்புகிறேன்.